கையெழுத்துப் போடுவதற்கா தலைவர்?

சில நாள்களுக்கு முன் ஒரு மாலையில் வேப்பம்பட்டு ரயிலடியில் இறங்கி நடந்தபோது, அதே வண்டியில் வந்த ஒரு தாயார் நம்மோடு பேசிக்கொண்டே வந்தார். அவருக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை. பேச்சுவாக்கில், தம் மகள் படிக்கின்ற அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் மேலாண்மைக் குழுவுக்குத் தாமே தலைவர் என்று சொன்னார். நமக்கு உண்டான சந்தோஷத்திற்கு அளவில்லை. "ரொம்ப நல்லதம்மா, போன கூட்டத்தில் என்ன தீர்மானம் செய்தீர்கள்?" என்று கேட்டோம்.

"எனக்கென்னங்கய்யா தெரியும்? கூட்டம் மத்தியானம் வைக்கிறாங்க. நான் அப்ப கம்பெனியில இருப்பேன். எங்க வீட்டுக்காரர் போயிட்டு வருவார். அப்புறம் எச்.எம். சார் நோட்டைக் கொடுத்தனுப்புவார். காட்டுன இடத்துல கையெழுத்துப் போட்டுடுவேன்" என்றார்.

அது எந்தப் பள்ளிக்கூடம் என்பது இங்கு வேண்டியதில்லை. அந்த அம்மையாரை நாம் குறை சொல்லவும் இல்லை. அவர் வஞ்சகமில்லாமல் உண்மையைச் சொன்னார். பக்கத்து ஊர்களில் விசாரித்தாலும் இந்த உண்மை பல இடங்களில் அகப்படும். ஆனால் ஒரு தலைவர், தாம் தலைமை வகிக்காத கூட்டத்தின் நடவடிக்கைக்குக் கையெழுத்துப் போடுகின்றார் என்றால், அந்தக் குழு யாருக்காக ஏற்பட்டது, அதை உண்மையில் நடத்துகின்றவர் யார் என்று கேட்க வேண்டியது நமது கடமையாகின்றது.

சட்டம் என்ன சொல்லுகின்றது?

2009-ஆம் ஆண்டில் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் செய்யப்பட்டு, 2010 ஏப்ரல் 1-ஆம் தேதி அமுலுக்கு வந்தது. அதன் 21-வது பிரிவுப்படி அரசாங்கப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் மேலாண்மைக் குழு அமைக்கப்பட வேண்டும். அதில் நாலில் மூன்று பங்கு பேர் அப்பள்ளியில் படிக்கும் குழந்தைகளின் பெற்றோர் அல்லது பாதுகாவலராயிருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாயிருக்க வேண்டும். தாழ்த்தப்பட்ட, நலிந்த வகுப்புப் பெற்றோருக்கு அவர்களுடைய குழந்தைகளின் விகிதப்படி இடமிருக்க வேண்டும். பள்ளி நடப்பதைக் கண்காணிப்பதும், பள்ளிக்கு வரும் பணம் எப்படிச் செலவாகின்றது என்று பார்ப்பதும், பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரித்துச் சிபாரிசு செய்வதும் அக்குழுவின் வேலைகள்.

நம் நாட்டில் 2022-ஆம் ஆண்டில் இக்குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டபோது, குழுவுக்கு 20 பேர் என்றும், அவர்களில் 15 பேர் பெற்றோர் என்றும், உள்ளாட்சியின் பிரதிநிதிகள் இருவர் என்றும், தலைவர் ஸ்தானம் பெண் ஒருவருக்கே என்றும் ஏற்பாடு செய்யப்பட்டது. 2024-இல் மறுபடி அமைக்கப்பட்டபோது பழைய மாணவர்களுக்கும் இடம் தரப்பட்டது.

இந்த ஏற்பாட்டில் தலைமை ஆசிரியரின் ஸ்தானம் என்ன? அவர் கூட்டுநர். அதாவது, கூட்டத்தைக் கூட்டி, கணக்கையும் குறிப்பையும் வைத்திருந்து, தீர்மானித்ததை நடத்திக் காட்டுகின்றவர். தலைவர் பெற்றோரில் ஒருவர். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லுவதில் தலைமை ஆசிரியர் பெரியவர். பள்ளியின் வரவு செலவையும் குறைநிறையையும் பேசுகின்ற கூட்டத்தில் பெற்றோரின் தீர்மானம் பெரியது. இவ்வளவு தெளிவான பாகப்பிரிவினை நம்முடைய அண்ணன் தம்பி சொத்துகளில்கூட இராது.

பணம் கட்டிப் படிக்க வைக்கின்ற உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு இந்த 21-வது பிரிவு கிடையாது என்பதையும் வாசகர்கள் கவனிக்க வேண்டும். கடன் வாங்கிக் கட்டணம் கட்டி, மஞ்சள் பஸ்ஸில் பிள்ளையை ஏற்றிவிட்டு, கேட்டுக்கு வெளியே காவல்காரனிடம் கெஞ்சிக்கொண்டு நிற்கின்ற தகப்பனாருக்கு இல்லாத அதிகாரம், அரசாங்கப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்த கூலிக்காரத் தாய்க்குச் சட்டத்தால் கொடுக்கப்பட்டிருக்கின்றது. கொடுத்ததை வைத்துக்கொள்ளத் தெரியாமல் நோட்டுப் புத்தகத்தோடு திருப்பி அனுப்பிவிடுகின்றோம் என்பதுதான் நம்முடைய வருத்தம்.

நோட்டுப் புத்தக நிர்வாகம்

இது ஏன் இப்படி நடக்கின்றது? மூன்று காரணங்கள் நமக்குப் படுகின்றன.

முதலாவது, குருபக்தி. வாத்தியாரை எதிர்த்துக் கேட்கக் கூடாது, கேட்டால் பிள்ளைக்குப் படிப்பு வராது என்று நம்மவர்களுக்கு ஊட்டப்பட்டிருக்கின்றது. "மாதா பிதா குரு தெய்வம்" என்று வரிசை சொல்லுகின்றவர்களை நாம் கேட்கின்றோம்: உங்களுடைய வரிசைப்படி பார்த்தாலும் மாதா அல்லவா முதலில் இருக்கின்றாள்? பள்ளிக் கூட்டத்தில் மட்டும் அந்த மாதா வாசற்படியோடு நிற்பானேன்? கணக்குக் கேட்பது அவமரியாதை என்றால், கணக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதுதான் எதற்கு?

இரண்டாவது, பெண்ணடிமை. சட்டம் பெண்ணைத் தலைவராக்கினால், ஊர் அவளுடைய புருஷனைத் தலைவராக்கிக்கொள்ளுகின்றது. "அவங்களுக்கு என்ன தெரியும், நான் பார்த்துக்கிறேன்" என்று அவர் வந்து உட்காருகின்றார். மற்றவர்களும் அவரையே "தலைவரே" என்று அழைக்கின்றார்கள். 1870-ஆம் ஆண்டில் லண்டன் பள்ளிக்கூட போர்டுக்கு முதல் தேர்தல் நடந்தபோது எலிசபெத் காரெட், எமிலி டேவிஸ் என்னும் இரு பெண்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். அக்காலத்தில் அந்நாட்டுப் பெண்களுக்குப் பார்லிமெண்டுக்கு ஓட்டே கிடையாது. ஓட்டில்லாத காலத்திலேயே அங்குப் பெண்கள் பள்ளி நிர்வாகத்தில் உட்கார்ந்து பேசினார்கள். ஓட்டும், சட்டமும், தலைவர் பட்டமும் எல்லாம் இருந்தும் நம் பெண்கள் அடுப்படியில் இருந்தே கையெழுத்துப் போடுவது என்றால், இதைவிட வெட்கக்கேடு வேறென்ன?

மூன்றாவது, நேரம். உழைக்கின்ற பெற்றோர் பட்டாபிராமுக்கும் ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் காலை வண்டியில் போய் இருட்டிய பிறகு திரும்புகின்றார்கள். கூட்டத்தை மத்தியானத்தில் வைத்துவிட்டு, "பெற்றோருக்கு அக்கறையில்லை" என்று குறிப்பு எழுதுவது எந்த நியாயம்? ஒரு நாள் கூலியை இழந்துதான் உரிமையை அனுபவிக்க வேண்டும் என்றால், கூலியில்லாமலே வயிறு நிறைகின்றவர்கள்தான் கூட்டத்திற்கு வருவார்கள். பிறகு அவர்கள் வைத்ததே சட்டமாகும்.

தலைமை ஆசிரியர் படும் பாடு

நிற்க. தலைமை ஆசிரியர்கள் எல்லோரையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நமது எண்ணமல்ல. தொடக்கப் பள்ளியின் தலைமை ஆசிரியர் ஒருவரின் ஒரு நாளை எண்ணிப் பார்த்தால் பரிதாபமாயிருக்கும். அவரே வகுப்பெடுக்க வேண்டும். காலைச் சிற்றுண்டியும் மத்தியானச் சாப்பாடும் சரியாயிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். எமிஸ் கணக்கை ஏற்ற வேண்டும். குழாயில் தண்ணீர் வராவிட்டால் ஊராட்சிக்கும், கூரை ஒழுகினால் ஊராட்சி ஒன்றியத்திற்கும், ஆசிரியர் போதாவிட்டால் கல்வி இலாகாவுக்கும் எழுத வேண்டும். மூன்று ஆபீசுகளும் ஒருவரை ஒருவர் கைகாட்டும். அவரோ அரசாங்க ஊழியர். மேலதிகாரிக்கு மனுப் போடலாமே தவிர, கிராம சபையில் எழுந்து சத்தம் போட முடியாது.

இங்கேதான் குழுவின் பிரயோஜனம் விளங்கும். தலைமை ஆசிரியர் சொல்ல முடியாததைப் பெற்றோர் சொல்லலாம். அவர்கள் ஓட்டர்கள், யாருக்கும் உத்தியோகப் பயம் இல்லாதவர்கள். 60 குழந்தைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் வேண்டும் என்பது அதே சட்டத்தின் அட்டவணையில் உள்ளது. மக்கள் தொகைக் கணக்கு, பேரிடர், தேர்தல் ஆகியவற்றுக்குத் தவிர ஆசிரியரை வேறு வேலைக்கு அனுப்பக் கூடாது என்பது 27-வது பிரிவு. இவற்றைத் தலைமை ஆசிரியர் தம் வாயால் கேட்டால், மேலே இருக்கின்றவர் "உமக்கு வேலை செய்ய மனமில்லை" என்பார். இருபது பேர் உட்கார்ந்து தீர்மானம் எழுதிக் கேட்டால் அவ்வளவு சுலபமாய் வாயை அடைத்துவிட முடியாது. ஆகவே, குழுவை நோட்டுப் புத்தகத்தில் மட்டும் உயிரோடு வைத்திருக்கின்ற தலைமை ஆசிரியர் தம்முடைய பலத்தைத் தாமே வெட்டிக்கொள்ளுகின்றார் என்று கண்டிப்பாய்ச் சொல்லுவோம்.

ஊர் என்றால் யார்?

இனி நம் பக்கத்துக் குற்றத்தையும் ஒளிக்காமல் பேசுவோம். "பள்ளியை ஊர் மக்கள் கையில் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்று சிலர் சொல்லுகின்றார்கள். ஊர் மக்கள் என்றால் யார்? ஊரில் சேரி சேர்ந்ததா?

1920-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் ஆரம்பக் கல்விச் சட்டம் செய்யப்பட்டு, ஜில்லாக்களில் கல்விச் சபைகள் ஏற்பட்டன. அதிகாரம் உள்ளூருக்கு வந்தது. ஆனால் அக்காலத்தில் பொதுப் பணத்தில் நடந்த எத்தனையோ பள்ளிக்கூடங்கள் அக்கிரகாரத்திலும், கோயில் மண்டபத்திலும், சாவடியிலும் இருந்தபடியால் ஆதிதிராவிடக் குழந்தைகள் உள்ளே நுழைய முடியாமல் இருந்தார்கள். உள்ளூர்ப் பெரியவர்கள் கூடியே அப்படி வைத்திருந்தார்கள். அது அந்தக் காலம் என்று தட்டிக்கழிக்க முடியாது. 2018-ஆம் ஆண்டில் திருப்பூர் மாவட்டம் அவிநாசிக்கு அருகில் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளிக்குச் சமையல் வேலைக்கு வந்த தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண் ஒருவரை, அவர் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிடமாட்டார்கள் என்று எதிர்த்தவர்களும் "ஊர் மக்கள்" என்ற பெயரோடுதான் வந்தார்கள். அதிகாரிகள் முதலில் அந்தப் பெண்ணையே வேறிடத்துக்கு மாற்றினார்கள். எதிர்ப்புக் கிளம்பிய பிறகே அந்த மாற்றல் ரத்தாயிற்று.

ஆகவே, ஜாதி ஒழியாத ஊரின் கையில் பள்ளியை அப்படியே ஒப்படைத்தால், மேலாண்மைக் குழு ஜாதிப் பஞ்சாயத்தாய்ப் போய்விடும். தலைமை ஆசிரியர் ஒருவர் கையிலேயே விட்டுவிட்டால் பள்ளி அவருடைய ஜமீனாகும். இந்த இரண்டு ஆபத்துக்கும் ஒரே மருந்து, சட்டத்தில் சொன்ன விகிதப்படி தாழ்த்தப்பட்ட வகுப்புத் தாய்மார் குழுவில் உண்மையாக உட்காருவதும், அவர்கள் பேச்சு குறிப்பில் ஏறுவதும், அதை யாராவது தடுத்தால் தலைமை ஆசிரியர் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து நிற்பதுமே ஆகும். குழு அவருக்குக் கணக்குக் கேட்கட்டும். அவர் குழுவுக்குச் சமத்துவத்தைக் காட்டட்டும். ஒருவரை ஒருவர் தாங்குவதும் தட்டிக்கேட்பதுமே கூடி வேலை செய்வது என்பதற்கு அர்த்தம். ஒருவருக்கு ஒருவர் மாலை போட்டுப் போட்டோ எடுத்துக்கொள்ளுவதல்ல.

ஐந்து ஸ்டேஷன் தள்ளி நடந்த சங்கதி

இதெல்லாம் நடக்கக்கூடிய காரியமா என்று சந்தேகப்படுகின்றவர்கள் வெகுதூரம் போக வேண்டாம். வேப்பம்பட்டில் அரக்கோணம் வண்டி ஏறினால் செவ்வாப்பேட்டை, புட்லூர், திருவள்ளூர், ஏகாட்டூர் தாண்டிக் கடம்பத்தூர். காமராசர் முதல் மந்திரியாயும், தோழர் நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இலாகாத் தலைவராயும் இருந்த 1958-ஆம் ஆண்டில், பள்ளிச் சீரமைப்பு இயக்கம் அந்தக் கடம்பத்தூரில்தான் தொடங்கிற்று. ஆசிரியர்களும் ஊராரும் முன்னதாகவே கூடி, கட்டடம், பெஞ்சு, கரும்பலகை, உடை, புத்தகம் என்று பள்ளிக்கு என்னென்ன இல்லை என்பதை ஜாபிதா எழுதினார்கள். பிறகு மாநாடு கூட்டி, எதை யார் செய்வது என்று பலர் முன்னிலையில் ஏற்றுக்கொண்டார்கள். அந்த வேலை பிறகு மாகாணமெங்கும் பரவிற்று.

அதற்கு ஐந்து வருஷத்துக்கு முன், 1953-இல், ராஜகோபாலாச்சாரியார் அரைநாள் பள்ளி, அரைநாள் தகப்பன் தொழில் என்று ஒரு திட்டத்தைப் பெற்றோரைக் கேளாமலே கொண்டுவந்தார். நாடு கொதித்தெழுந்தது, 1954-இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. பெற்றோரைக் கேளாமல் செய்தது ஓராண்டில் ஒழிந்தது. பெற்றோரைக் கூட்டிவைத்துச் செய்தது ஊருக்கு ஊர் வேரூன்றிற்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாடம் தானாய் விளங்கும்.

கடம்பத்தூரிலும் ஒரு குறை உண்டு என்பதை நாம் மறைக்கவில்லை. அன்று நடந்தது பெரும்பாலும் கொடுப்பவர் மனம் வைத்துக் கொடுத்தது. கொடுத்தவர் பெயர் முன்னே வரும். கொடுக்க இல்லாதவர் பின்னே நிற்பார். இன்று குழு கேட்பது யாருடைய தர்மத்தையும் அல்ல; நம்முடைய வரிப் பணத்தையே ஆகும். ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தின்கீழ் பள்ளிக்கு ஆண்டுதோறும் மானியம் என்று வகுக்கப்பட்டது. 31 முதல் 100 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு 25,000 ரூபாய் என்றும், 101 முதல் 250 வரை உள்ள பள்ளிக்கு 50,000 ரூபாய் என்றும் அதில் விகிதம் ஏற்பட்டது. அந்தப் பணம் வந்ததா, வந்தது எதற்குப் போயிற்று என்று கேட்கக் குழுவின் கடைசி உறுப்பினருக்கும் உரிமையுண்டு. சரசுவதி பூசைக்குச் சுண்டலும் பொரியும் வாங்க வீட்டுக்கு வீடு வசூலிக்கத் தெரிந்த நமக்கு, பெண் குழந்தைகளின் கக்கூசுக்குத் தண்ணீர்க் குழாய் எங்கே என்று கேட்க மட்டும் நா எழவில்லையா? கல்விக் கடவுளுக்குப் பசியும் இல்லை, தாகமும் இல்லை. தண்ணீரில்லாத கக்கூசுக்குப் பயந்து நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருக்கின்ற பெண் குழந்தைக்கு இரண்டும் உண்டு.

காலியான நாற்காலிகள்

குழுவில் உள்ளாட்சிப் பிரதிநிதிகள் இருவருக்கு இடம் வைத்ததற்குக் காரணம், பள்ளியின் தேவை ஊராட்சிக்கும், ஊராட்சியின் பணம் பள்ளிக்கும் வழி தெரிந்து வர வேண்டும் என்பதே. ஆனால் 2016-இல் பதவிக்காலம் முடிந்த உள்ளாட்சிகளுக்கு 2019 டிசம்பர் வரையில் தேர்தல் நடக்கவில்லை. 2019-இல் தேர்தல் நடந்த திருவள்ளூர் முதலிய மாவட்டங்களின் ஊராட்சிகளுக்கு 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்து, மறுபடி தேர்தல் நடத்தாமலே தனி அலுவலர் கையில் ஒப்படைக்கப்பட்டன. மக்கள் தேர்ந்தெடுத்தவர் இல்லாத ஊராட்சியில் இருந்து, பள்ளிக் குழுவுக்கு மக்கள் பிரதிநிதி எங்கிருந்து வருவார்? உள்ளாட்சித் தேர்தலைக் காலத்தில் நடத்தாத எந்தக் கட்சி அரசாங்கமானாலும், அது பள்ளிக் குழுவின் இரண்டு நாற்காலியையும் பிடுங்கிக்கொள்ளுகின்றது என்பதே நமது அபிப்பிராயம்.

நியூசிலாந்தில் 1989-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு பள்ளிக்கும் பெற்றோர் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் சபை ஏற்பட்டது. தலைமை ஆசிரியர் அதில் ஓர் உறுப்பினர். தலைமை ஆசிரியரை நியமிப்பதே அந்தச் சபைதான். அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்பது வேறு விஷயம். ஜாதி இருக்கின்ற நாட்டில் ஆசிரியர் நியமனத்தை உள்ளூரார் கையில் கொடுப்பதற்கு நாமே சம்மதிக்க மாட்டோம். ஆனால் கணக்கைப் பார்க்கின்ற அதிகாரமாவது நம் தாய்மாருக்கு உண்மையில் இருக்க வேண்டாமா?

செய்ய வேண்டியது

ஆதலால் தோழர்களே! மேலே இருந்து யாராவது வந்து செய்வார்கள் என்று காத்திருக்க வேண்டாம். அடுத்த கூட்டத்திலேயே செய்யக்கூடியவற்றைச் சொல்லுகின்றோம்.

கூட்டத்தின் நேரத்தை உழைக்கின்றவர்களுக்கு ஏற்றபடி மாலையிலோ விடுமுறை நாளிலோ வைக்கும்படி தலைமை ஆசிரியரிடம் எழுத்து மூலம் கேளுங்கள். தலைவர் தாயார் என்றால் அந்தத் தாயாரே நாற்காலியில் உட்காரட்டும். வீட்டுக்காரர் அன்றைக்குச் சோறு வடிக்கட்டும். குறிப்புப் புத்தகத்தைக் கூட்டத்திலேயே உரக்கப் படித்துக் காட்டச் சொல்லி, பிறகே கையெழுத்துப் போடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் யாராவது இருந்தால் வெட்கப்பட வேண்டாம். படித்துக் காட்டச் சொல்லுவது அவருடைய உரிமை. வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போடவே போடாதீர்கள். பள்ளி வளர்ச்சித் திட்டத்தை வருஷ முடிவுக்கு முன்னால் எல்லோரும் உட்கார்ந்து எழுதுங்கள். கடம்பத்தூரில் செய்ததுபோல் இல்லாததை எல்லாம் ஜாபிதாவாக்கி, அதன் நகலைக் கிராம சபையில் வாசித்துத் தீர்மானமாக்குங்கள். சேரிப் பெற்றோருக்கு விகிதப்படி இடம் கொடுக்காத குழு செல்லாத குழு என்று முதல் கூட்டத்திலேயே சொல்லுங்கள்.

தலைமை ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. கேள்வி கேட்கின்ற தாயாரைக் கண்டு சலித்துக்கொள்ளாதீர்கள். கேள்வி கேட்காத ஊரில்தான் பள்ளிக்கூடத்திற்குப் பிள்ளை குறைந்து கடைசியில் பூட்டுத் தொங்குகின்றது. உங்களுடைய நோட்டில் இருக்கின்ற பத்துக் கையெழுத்து உங்களைக் காப்பாற்றாது. உங்களோடு ஊராட்சி ஆபீசுக்கு நடந்து வருகின்ற பத்துத் தாய்மார் காப்பாற்றுவார்கள்.

அந்த அம்மையார் விடைபெறும்போது, "அடுத்த தடவை நோட்டு வந்தா என்னங்கய்யா செய்யட்டும்?" என்று கேட்டார். "படித்துப் பாருங்களம்மா. புரியாவிட்டால் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பிவிட்டு, நாளைக்கு நானே வந்து கேட்டுக்கொள்ளுகிறேன் என்று சொல்லுங்கள்" என்றோம். சற்று யோசித்துவிட்டு, "ஒரு நாள் லீவு போட்டாத்தான் முடியும்" என்றார். அந்த ஒரு நாள் லீவும் வேண்டாதபடி கூட்டத்தை மாலைக்கு மாற்றுகின்ற வேலையை, வேப்பம்பட்டுத் தோழர்களும் சுற்றுப்பக்கத்துத் தோழர்களும் இந்த மாதமே கையில் எடுத்துக்கொள்ள வேண்டுமாய்க் கேட்டுக்கொள்ளுகின்றோம்.